ஓயாமையும் இளைப்பாறாமையும்: ஆரணித் தறியடியில் ஒரு சொல்லாராய்ச்சி

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியை வரலாற்று மாணவர் இரண்டு போர்களின் பெயரால் அறிவர். 1751-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளைவ் இங்கே போரிட்டார்; 1782-ஆம் ஆண்டு ஜூனில் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இதே ஊர்ப்புறத்தில் மோதின. வணிகர் இவ்வூரை முன்பு மெல்லிய மஸ்லின் துணிக்காகவும், பின்பு எடை குறைந்த பட்டுச் சேலைக்காகவும், அரிசிக்காகவும் அறிவர். நம் திருச்சபை வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. 1853-இல் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்னும் ஸ்கட்டர் சகோதரர் மூவர் அமைத்த ஆர்க்காட்டு மிஷனுக்கு, அந்தப் பத்தாண்டிலேயே ஆரணியும் ஒரு நிலையமாயிற்று. ஆயினும் போரைப் பற்றியோ மிஷனைப் பற்றியோ எழுதுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஓர் ஆங்கில வினையடையைப் பற்றியது இது. ‘ரெஸ்ட்லெஸ்லி’ என்னும் அச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி எனக்கு முதன்முதலாக எழுந்தது ஆரணியில்தான் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

அப்பகுதியில் ஊழியம் செய்த நாட்களில், ஒரு தபசு காலத்து மாலை ஆராதனையில் யோபு ஏழாம் அதிகாரத்தை எடுத்துப் பேசினேன். கையில் இருந்தது ஓர் ஆங்கில விரிவுரை. யோபு இரவெல்லாம் ‘ரெஸ்ட்லெஸ்லி’ புரண்டான் என்றும், நெசவாளியின் நாடாவும் ‘ரெஸ்ட்லெஸ்லி’ இங்குமங்கும் ஓடுகிறது என்றும், ஆகவே நான்காம் வசனமும் ஆறாம் வசனமும் ஒரே உணர்ச்சியின் இரு படங்கள் என்றும் அது விளக்கியது. நானும் இரண்டு இடத்திலும் ‘அமைதியின்றி’ என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். தறியின் ஓசை அமைதியற்ற மனித உள்ளத்தின் ஓசை என்று சற்று உருக்கமாகவே பேசியதாக நினைவு.

குருமனைக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு முதிய நெசவாளர் இருந்தார். அவர் நம் சபையார் அல்லர். ஒரு பழக்கத்தின் பேரில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். மறுநாள் காலையில் வாசலில் கண்டபோது மிக மரியாதையாகச் சொன்னார்: “நேத்து நல்லாப் பேசினீங்க ஐயரே. ஒண்ணே ஒண்ணு. தறி ஓடுறப்போ மனசு அடங்கித்தான் கிடக்கும். தறி நின்னாத்தான் இருப்புக்கொள்ளாது.”

விரிவுரையாளருக்குத் தெரியாத ஒன்றை அவர் அறிந்திருந்தார். நாடா ஓயாமல் ஓடுகிறது; ஆனால் அமைதியின்றி ஓடவில்லை. ஓயாமை வேறு, அமைதியின்மை வேறு. இரண்டையும் ஒரு சொல்லுக்குள் அடைப்பது ஆங்கிலம். நம் திருமறையை மொழிபெயர்த்த முன்னோரோ அப்படி அடைக்கவில்லை என்பதைப் பின்னர் தேடிப் பார்த்தபோது கண்டேன்.

ஆங்கிலச் சொல்லின் கட்டும் தமிழின் கேள்வியும்

‘ரெஸ்ட்லெஸ்லி’ மூன்று துண்டுகளால் ஆன சொல். ‘ரெஸ்ட்’ என்பது பழைய ஆங்கிலப் பெயர்ச்சொல். உறக்கம், ஓய்வு, அமைதி, வேலையினின்று விடுதலை ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். ‘மீதி’ என்னும் பொருளில் வரும் ‘ரெஸ்ட்’ பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். ஓசை ஒன்றேயாயினும் குடும்பம் வேறு. ‘லெஸ்’ என்பது இன்மையைக் குறிக்கும் பின்னொட்டு. ‘லி’ பண்புச்சொல்லை வினையடையாக்குவது. ஆகவே முழுச்சொல்லும் ‘ரெஸ்ட் என்னும் பொருள் இல்லாதபடி’ என்று பொருள்படும். எந்த வகை ரெஸ்ட் இல்லை என்பதைச் சொல் தன் வாயால் சொல்வதில்லை. சூழ்நிலைதான் சொல்ல வேண்டும். கடலலையைப் பற்றிச் சொன்னால் இடைவிடாமை, நோயாளியைப் பற்றிச் சொன்னால் உறக்கமின்மை, கூண்டுப் புலியைப் பற்றிச் சொன்னால் நிலைகொள்ளாமை, கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் அடங்காமை. ஆங்கிலம் பேசுவோர் இதனைக் குறையாகக் கருதுவதில்லை. ஒருவகையில் அது வசதியுமாகும்.

தமிழ் இந்த வசதியை எளிதில் தருவதில்லை. ‘இன்றி’, ‘அற்று’ என்று பெயரோடு சேர்த்துச் சொல்லலாம். ஆனால் தமிழின் இயல்பான வழி எதிர்மறை வினையெச்சம். ஓயாமல், இளைப்பாறாமல், அமராமல், அடங்காமல், தரிக்காமல், கண்ணயராமல், இருப்புக்கொள்ளாமல், நிலைகொள்ளாமல் என்று ஒரு வினையை எடுத்து அதனை மறுத்தாக வேண்டும். எந்த வினையை மறுக்கிறாய் என்று மொழியே பேசுவோனை நிறுத்திக் கேட்கிறது. அதனால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போகும் இடத்தில், தமிழ் எழுதுவோன் முடிவு ஒன்று எடுக்க வேண்டியவனாகிறான்.

இவற்றுள் இரண்டு வினைகள் நமக்கு முக்கியமானவை. ‘ஓய்தல்’ என்பது நின்றுபோதல்: மழை ஓய்ந்தது, பேச்சு ஓய்ந்தது, அலை ஓய்ந்தது. களைத்துப் போவதையும் அது குறிக்கலாம். ஆனால் களைப்பு அதற்கு இன்றியமையாதது அன்று. மழை களைத்து ஓய்வதில்லை. ‘இளைப்பாறுதல்’ அப்படியன்று. இளைப்பு முன்னே இருந்தால்தான் அது ஆற முடியும். சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, பசி ஆறுகிறது, இளைப்பும் ஆறுகிறது. ஆகவே ‘ஓயாமல்’ என்பது செயலைப் பற்றிய செய்தி. ‘இளைப்பாறாமல்’ என்பது செய்கிறவனின் உடலையும் உள்ளத்தையும் பற்றிய செய்தி. முன்னதில் குற்றமும் இல்லை, துயரமும் இல்லை. பின்னதில் துயரம் உண்டு.

மொழிபெயர்ப்போர் செய்த தெரிவு

இந்த வேறுபாடு அகராதி எழுதுவோர் மேசையில் பிறந்தது அன்று. தமிழ் பேசுவோர் நாவில் முன்பே இருந்தது. அதனைக் கேட்கும் செவி மிஷனரிகளிலும் அவர்களுடன் உழைத்த தமிழறிஞர்களிலும் ஒரு சிலருக்கு வாய்த்தது. பெப்ரீஷியுஸ் 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு வேப்பேரியில் நெடுங்காலம் இருந்து புதிய ஏற்பாட்டை 1772-இல் வெளியிட்டார். 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் தந்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல், ஆறுமுக நாவலர் துணையுடன் ஆக்கிய மொழிபெயர்ப்பு 1850-இல் சென்னையில் அச்சாயிற்று. வின்சுலோவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரே. 1836-இல் மூத்த ஜான் ஸ்கட்டருடன் சென்னைக்கு வந்த அவர், 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தம் பேரகராதியை 1862-இல் வெளியிட்டார். ஆர்க்காட்டு மிஷனை அமைத்த ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர் அந்த ஜான் ஸ்கட்டரின் மகன். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் 1822-இல் பிறந்தவர். அம்மிஷன் தொடக்கத்தில் ஆங்கிலக் கல்விக்கூடங்களை நாடாமல், ஊர் ஊராகச் சென்று தமிழிலும் தெலுங்கிலும் பேசுவதையே முதற்பணியாகக் கொண்டது. தெருவில் நின்று பேசுகிறவனுக்கு ஒரு நன்மை உண்டு: சொல் தவறினால் கேட்பவர் முகத்திலேயே விடை கிடைக்கும். எனக்கு அது ஒரு நாள் தாமதித்துக் கிடைத்தது.

ஹென்றி பவர் தலைமையில் பெப்ரீஷியுஸின் மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு ஒரு குழு செய்த திருத்தம் 1871-இல் முழு வேதாகமமாக வெளிவந்தது. நம் சபைகளில் பழைய மொழிபெயர்ப்பு என்று வழங்குவது அதுவே. அதில் ‘ரெஸ்ட்’ என்னும் கருத்து வரும் இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வியப்பான செய்தி கிடைக்கிறது.

வெளிப்படுத்தின விசேஷம் நான்காம் அதிகாரம் எட்டாம் வசனத்தில் நான்கு ஜீவன்கள் தேவனை இடைவிடாமல் துதிக்கின்றன. பதினான்காம் அதிகாரம் பதினோராம் வசனத்தில் மிருகத்தை வணங்கினவர்கள் வாதைக்குள்ளாகின்றனர். இரண்டு இடத்திலும் கிரேக்க மூலத்தின் சொற்கள் ஒன்றே: இரவிலும் பகலிலும் ‘அனபௌசிஸ்’ இல்லை. பரலோகத்துத் துதிக்கும் நரக வேதனைக்கும் யோவான் ஒரே தொடரைப் பயன்படுத்துகிறார். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வொற்றுமையை ஏறக்குறைய அப்படியே காத்து, இரண்டு இடத்திலும் ‘ரெஸ்ட்’ என்னும் சொல்லையே வைத்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அப்படிச் செய்யவில்லை. ஜீவன்கள் துதிக்கும் இடத்தில் ‘ஓய்வில்லாமல்’ என்றனர்; வாதிக்கப்படுவோர் இடத்தில் ‘இளைப்பாறுதல்’ இராது என்றனர். துதிப்பவர் ஓயவில்லை, அவ்வளவே. அவருக்கு இளைப்பு இல்லை, ஆகவே இளைப்பாறும் தேவையும் இல்லை. வாதிக்கப்படுபவருக்கோ இளைப்பு உண்டு, ஆற இடமில்லை.

மூலத்திலுள்ள ஒற்றுமையை மறைத்துவிட்டனரே என்று ஒருவர் குறை கூறலாம். அக்குறையில் நியாயம் உண்டு. யோவான் வேண்டுமென்றே அத்தொடரை மீண்டும் வைத்திருந்தால், இடைவிடாத துதியின் எதிர்நிழலாக இடைவிடாத வேதனையைக் காட்டுவது அவர் கருத்தாயிருந்தால், தமிழ் வாசகன் அதனை இழக்கிறான். இதை மறைக்காமல் வகுப்பறையில் சொல்ல வேண்டும். ஆயினும் மத்தேயு பதினொன்றில் வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களுக்கு ஆண்டவர் வாக்களிப்பதும் இதே வேரிலிருந்து வரும் வினைதான். அங்கும் தமிழ் ‘இளைப்பாறுதல்’ என்றே சொல்கிறது. வாக்களிக்கப்பட்டதும் மறுக்கப்பட்டதும் தமிழில் ஒரே சொல்லாக நிற்கின்றன. ஓர் ஒற்றுமையை விட்டவர்கள் வேறோர் ஒற்றுமையைப் பற்றிக்கொண்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இது தற்செயல் என்று நினைப்போர் இரண்டாம் கொரிந்தியரைப் பார்க்கட்டும். இரண்டாம் அதிகாரம் பதின்மூன்றாம் வசனத்தில் தீத்துவைக் காணாததால் பவுலின் ஆவிக்கு ‘அனெசிஸ்’ இல்லை. ஏழாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில் மக்கெதோனியாவில் அவர் சரீரத்துக்கு ‘அனெசிஸ்’ இல்லை. கிரேக்கச் சொல் ஒன்றே. தமிழில் ஆவிக்கு ‘அமைதல்’ இல்லை, சரீரத்துக்கு ‘இளைப்பாறுதல்’ இல்லை. ஆவி அமைய வேண்டியது, உடல் இளைப்பாற வேண்டியது என்று பிரித்தறிந்தே எழுதியிருக்கிறார்கள்.

யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தில் வரும் நாவின் செய்தி வேறு வகையானது. 1611 ஆங்கிலம் அதை அடக்கவியலாத தீமை என்றது. 1881-இல் வந்த திருத்தம் ‘ரெஸ்ட்லெஸ்’ என்று மாற்றியது. இது மொழிபெயர்ப்பாளர் விருப்பம் அன்று. அடிப்படைப் பிரதியே வேறு. பிற்காலக் கையெழுத்துப் பிரதிகளில் மிகப் பல ‘அகத்தாஸ்கெதோன்’, அதாவது அடக்க முடியாதது என்கின்றன. சீனாய், வத்திக்கான் பிரதிகள் போன்ற பழையவை ‘அகத்தாஸ்தாதோன்’, அதாவது நிலைகொள்ளாதது என்கின்றன. தமிழின் ‘அடங்காத’ என்னும் சொல் முதல் பாடத்துக்கு ஒத்தது. ஆங்கிலத் திருத்தத்தை வைத்துக்கொண்டு பிரசங்கிக்கும் மாணவர் ‘ரெஸ்ட்லெஸ்’ என்பதற்கு ‘அடங்காத’ என்பதே சரியான தமிழ் என்று எண்ணிவிடுகின்றனர். அவர்கள் ஒப்பிடுவது ஒரே சொல்லின் இரு மொழிபெயர்ப்புகளை அன்று. இரு வேறு சொற்களை.

ஆதியாகமம் இரண்டில் தேவன் ‘ஓய்ந்திருந்தார்’. இளைப்பாறினார் என்று அங்கே எழுதாததன் பொருத்தத்தை இனி விளக்க வேண்டுவதில்லை. யாத்திராகமம் 31:17-இல் எபிரெய மூலம் ஒரு படி மேலே சென்று, ஓய்வுக்குப்பின் மூச்சு மீளப்பெறுவதைக் குறிக்கும் துணிவான வினை ஒன்றைத் தேவனுக்கே ஏற்றிச் சொல்கிறது. அங்கே ‘இளைப்பாறினார்’ என்று எழுதிவிடுவது எளிது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் எழுதியது ‘பூரித்தார்’. களைப்பைச் சொல்லாமல் நிறைவைச் சொன்னார்கள். இந்த ஒரு சொல்லுக்காக அக்குழுவினருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

நாடாவும் இழையும்

இனி யோபுவிடம் திரும்புவோம். ஏழாம் அதிகாரம் நான்காம் வசனத்தில் எபிரெயச் சொல் ‘நெதுதீம்’: புரளல்கள், அலைவுகள். கூட்டை விட்டுப் பறக்கும் பறவைக்கும் ஊரை விட்டு ஓடுபவனுக்கும் வரும் வினையினின்று பிறந்தது. படுக்கையில் கிடப்பவனுக்கு அச்சொல்லை ஏற்றியதில் ஒரு கசப்பான நயம் உண்டு. அவன் ஓர் அடியும் நகரவில்லை, ஆனால் அகதியாகிவிட்டான். தமிழ் ‘அரண்டுபுரளுதல்’ என்கிறது. அரளுதல் என்பது அஞ்சி மிரளுதல். இங்கே ‘அமைதியின்றி’ என்று நான் சொன்னது பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் இருந்த நல்ல சொல்லை விட்டுவிட்டு வெளிறிய சொல்லைத் தேடினேன்.

ஆறாம் வசனத்தில் நிலைமை வேறு. அங்கே மூலத்தில் அமைதியின்மை பேசப்படவே இல்லை. விரைவு மட்டுமே பேசப்படுகிறது. ‘ஏரேக்’ என்பது தறியையும் குறிக்கலாம், நாடாவையும் குறிக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பு நாடாவைத் தெரிந்துகொண்டு அதற்கு ‘எறிதல்’ என்னும் வினையையும் சேர்த்தது. இன்றைய வாசகர் சிலர் அவ்வினையைக் கண்டு மயங்குவர். கயிற்றை இழுத்தால் பெட்டியிலிருந்து தானே பாய்ந்தோடும் விசைநாடாவை 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்தார். சென்னை மாகாண நெசவாளரிடையே அது பரவத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில்தான். ஆல்பிரட் சாட்டர்ட்டன் முயற்சியால் 1906-இல் சேலத்தில் தொடங்கிய அரசு நெசவாலை அதற்காக உழைத்தது. அதற்கு முன் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்தார்கள். ஆகவே 1871-இன் மொழிபெயர்ப்பாளர் தெருவில் கண்டதையே எழுதினர். கரை வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைகளில் கையால் எறியும் முறை பின்பும் நெடுங்காலம் நீடித்தது.

இந்த வசனத்தின் முடிவில் ‘திக்வா’ என்னும் சொல் நிற்கிறது. நம்பிக்கை என்பது அதன் பொருள். ஆனால் யோசுவா இரண்டாம் அதிகாரத்தில் ராகாப் சன்னலில் கட்டும் சிவப்பு நூற்கயிற்றுக்கும் அதே சொல்தான். நாட்கள் நம்பிக்கையில்லாமல் முடிகின்றன என்றும், இழையில்லாமல் முடிகின்றன என்றும் எபிரெயச் செவி ஒருங்கே கேட்டிருக்கும். தார் தீர்ந்தால் நாடா ஓடினாலும் துணி ஆகாது. நெசவுத் தெருவில் வளர்ந்த சிறுவனுக்கும் விளங்கும் இச்சிலேடையைத் தமிழில் கொண்டுவர முடியவில்லை. தமிழ் நம்பிக்கையை மட்டும் காத்தது. யோபுவின் துயரம் நாடா ஓயவில்லை என்பது அன்று. இழை தீர்ந்துவிட்டது என்பதே. முதிய நெசவாளர் எனக்குச் சொன்னதற்கு மிக அருகில் வருகிறது இது.

ஓர் இடைக்குறிப்பு. ஏசாயா 38:12-இல் எசேக்கியா தன் உயிர் தறியினின்று அறுக்கப்படுவதைச் சொல்லும்போது தமிழில் ‘பாவை’ என்று வருகிறது. இதனைப் பதுமை என்று பொருள்கொண்ட மாணவரை நான் சந்தித்திருக்கிறேன். அது ‘பாவு’ என்னும் சொல் ஐகாரம் ஏற்றது. தறியில் நீளவாட்டில் விரித்துக் கட்டிய இழைத்தொகுதி. ஒன்று சாமுவேல் பதினேழில் கோலியாத்தின் ஈட்டிக்கு உவமையாகும் ‘படைமரம்’ நெய்த துணியைச் சுற்றும் உருட்டுமரம். இவ்விரண்டையும் விளங்கிக்கொள்ள விரிவுரை வேண்டாம்; நெசவுத் தெருவில் அரைமணி நேரம் போதும்.

அலைதலின் இரு முகம்

ஆதியாகமம் நான்கில் காயீனுக்குச் சொல்லப்படும் தீர்ப்பில் எபிரெயம் ஒலி இயைந்த இரண்டு சொற்களை வைக்கிறது: ‘நா வநாத்’. பின்னது யோபுவின் புரளலுக்கு நெருங்கிய உறவுடையது. தமிழ் அதற்கு நிலையற்று அலைதல் என்று தந்தது. அன்று முதல் அலைதல் என்றாலே சாபம் என்று நம் பிரசங்கங்களில் ஒரு வழக்கு உண்டு. பட்டு நெசவாளரின் வரலாறு இதற்கு முழுதும் உடன்படவில்லை.

மந்தசோரில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று கதிரவனுக்குக் கோயில் எடுத்ததைச் சொல்கிறது. தமிழகத்தில் ஆரணி உள்ளிட்ட பல ஊர்களில் வாழும் சௌராட்டிர நெசவாளர் மேற்கிலிருந்து நெடுந்தொலைவு வந்தவர்கள். தங்கள் மொழியை இன்றும் வீட்டில் பேசுகின்றனர். அலைந்தார்கள், ஆனால் போன இடத்தில் கோயிலும் தெருவும் அமைத்தார்கள். வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001-இல் வெளியிட்ட நூலில், பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளருக்கு ஊரை விட்டுப் பெயரும் உரிமையே பெரும் வலிமையாக இருந்தது என்று காட்டுகிறார். வணிகனோ அதிகாரியோ நெருக்கினால் நெசவாளர் தறியைப் பிரித்துக்கொண்டு வேறிடம் போய்விடுவர். அவ்வலிமை கிழக்கிந்தியக் கும்பெனியாரின் ஆட்சி வலுத்தபோது குறைக்கப்பட்டது. ஓரிடத்தில் நிலைத்திருக்கச் செய்ததே அவர்களை எளியராக்கியது. அந்நாளைய ஆங்கிலேயர் இத்தகைய இடப்பெயர்ச்சியை ஒழுங்கின்மையாகக் கண்டனர். ‘ரெஸ்ட்லெஸ்’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்கிறவர் யார், எந்த இடத்தில் நின்று சொல்கிறார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் அகுஸ்தீனாரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. அவருடைய அறிக்கைநூலின் தொடக்கத்தில் வரும் இலத்தீன் சொல் ‘இன்கூயேத்தும்’. 1838-இல் பியூசி அதற்கு ‘ரெஸ்ட்லெஸ்’ என்று ஆங்கிலம் தந்தார். அங்கிருந்து அது நம் பிரசங்க மேடைகளுக்கு ‘அமைதியற்ற’ என்று வந்தது. நாம் அச்சொல்லை நெசவுத் தெருவுக்கும், நகர வாழ்க்கைக்கும், இளைஞரின் எழுச்சிக்கும், கூலி உயர்வு கேட்கும் தொழிலாளருக்கும் ஒருபோலப் பொருத்திவிட்டோம். அகுஸ்தீனார் சொல்வது வேறு. அதே நூலின் பதின்மூன்றாம் பகுதியில் அவர் தரும் படம் எடையின் படம்: ஒவ்வொரு பொருளும் தனக்குரிய இடத்தை நாடிச் செல்கிறது; இடத்தை அடைந்தால் நிற்கிறது. கல் கீழ்நோக்கியும் தீ மேல்நோக்கியும் செல்வது போல உள்ளம் அன்பின் எடையால் செல்கிறது. இதற்குத் தமிழில் மிகப் பொருந்துவது ‘இருப்புக்கொள்ளாத’ என்பதே என்று நான் கருதுகிறேன். இருக்க வேண்டிய இடத்தில் இராததால் வரும் தவிப்பு அது. வேலை மிகுதியால் வருவது அன்று. அச்சொல் எனக்கு எந்த நூலிலிருந்தும் கிடைக்கவில்லை என்பதை வாசகர் அறிவர்.

முதியவரின் கூற்றை நான் அழகுபடுத்திவிடக் கூடாது. தறியடியில் மனம் அடங்கும் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு; அவருக்குப் பதிலாக நாம் அதனைச் சொல்லிவிட்டு நகர முடியாது. கோர்வைத் தறியில் ஒரு பக்கத்துக் கரைநாடாவை எறிய இரண்டாவது ஆள் வேண்டும். காஞ்சிபுரத்திலும் ஆரணிப் பக்கத்திலும் அந்த இரண்டாவது ஆள் நெடுங்காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தது உண்டு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிறர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 2016-இல் அது திருத்தப்பட்டுப் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதே பொதுவாகத் தடை செய்யப்பட்டது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அத்திருத்தம் விலக்கு அளித்தது. தறி பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. துறுதுறுவென்று தெருவில் ஓட வேண்டிய பிள்ளை அசையாமல் பலகையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, எவ்வளவு அடக்கம் என்று வியந்த பார்வையாளரை நானே கண்டிருக்கிறேன். அங்கே அமைதியின்மை வெளியே தெரியவில்லை. இளைப்பாறாமை இருந்தது.

ஆகவே ஓயாமை எந்த இடத்தில் இளைப்பாறாமையாக மாறுகிறது என்பதைச் சொல்லாராய்ச்சியால் மட்டும் முடிவு செய்ய முடியாது. கூலி என்ன, கடன் யாரிடம், தறி யாருடையது, எழுந்து போக உரிமை உண்டா என்னும் கேள்விகள் அதில் அடங்கியுள்ளன. உபாகமம் ஐந்தில் ஓய்வுநாள் கட்டளைக்குக் கூறப்படும் காரணம் படைப்பு அன்று, எகிப்தில் அடிமையாயிருந்த நினைவு. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல ஓய வேண்டும் என்பது அதன் கருத்து. யாத்திராகமம் இருபதிலோ தேவன் ஓய்ந்ததே காரணம். நாம் பெரும்பாலும் இரண்டாவதையே மேற்கோள் காட்டிப் பழகியிருக்கிறோம்.

தமிழ்நாட்டு நெசவாளரிடையே அமாவாசையன்று தறியில் உட்காருவதில்லை என்ற பழைய வழக்கம் பல இடங்களில் உண்டு. எங்கள் தெருவிலும் அன்று ஓசை இராது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வேளையில் தறிகளின் ஓசை உள்ளே கேட்கும். அமாவாசையன்று மாலை ஜெபக்கூட்டம் அமைந்தால் தெரு முழுதும் அடங்கியிருக்கும். முதலில் அது எனக்கு விசித்திரமாக இருந்தது.

மறு ஆண்டுத் தபசு காலத்தில் அதே அதிகாரத்தை மீண்டும் எடுத்தேன். நான்காம் வசனத்துக்குத் திருமறையின் சொல்லையே வைத்துக்கொண்டேன். ஆறாம் வசனத்தில் நாடா ஓயாமல் ஓடுகிறது என்று மட்டும் சொல்லி, இழை தீர்வதைப் பற்றிப் பேசினேன். விரிவுரையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். முதியவர் அன்று வரவில்லை. முந்தைய நாள் அமாவாசை. புதுப் பாவு பிணைக்கும் வேலை அவருக்குக் காத்திருந்தது.